பிசிறொலிப் பெட்டியும் பினாங்குத் தீவும்

மின்கிட்டாரின் தெளிந்த நாதத்தை வேண்டுமென்றே கலைத்து, அடர்ந்து பிசிறடிக்கும் நீண்ட குரலாக மாற்றித் தரும் சிறு பெட்டியை இசைக்கலைஞர்கள் ஃபஸ் பெடல் என்று அழைக்கின்றனர். வாசிப்பவர் அதைக் காலால் மிதித்து இயக்குகிறார். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின் அலை இப்பெட்டிக்குள் அளவுமீறிப் பெருக்கப்படும்போது, மின்கலம் தரும் 9 வோல்ட் எல்லைக்கு மேல் எழ இடமில்லாமல், அலையின் முகடும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை ஏறக்குறையச் சதுர வடிவத்தை அடைந்ததும், மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் கூட்டமாகப் பிறந்து காதுக்குப் பிசிறாகக் கேட்கின்றன. ஒலிப்பொறியியல் நெடுங்காலம் குற்றமாகக் கருதி ஒழிக்க முயன்ற இந்தச் சிதைவை 1960களின் இசை தனக்குரிய அழகாக ஏற்றுக்கொண்டது.

அக்காலப் பெட்டிகளின் மின்சுற்றுகள் இன்று கிட் எனப்படும் உதிரிபாகத் தொகுப்புகளாக விற்கப்படுகின்றன. அச்சிட்ட சுற்றுப்பலகை, டிரான்சிஸ்டர்கள், மின்தடைகள், மின்தேக்கிகள், திருகு குமிழ்கள், மிதிசுவிட்ச், துளையிட்ட அலுமினியப் பெட்டி ஆகிய அனைத்தும் ஒரே பொட்டலத்தில் வந்துவிட, வாங்குபவர் செய்ய வேண்டியது சால்டர் வைத்து இணைப்பது மட்டுமே. ஆயினும் முதன்முறையாகச் செய்ய முற்படுபவர் எந்தத் தொகுப்பை வாங்குவது என்று தயங்குகிறார். தொகுப்புகள் பலவாக இருப்பது இத்தயக்கத்துக்கு ஒரு காரணமே. ஒவ்வொரு தொகுப்பும் டிரான்சிஸ்டர் உற்பத்தியின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை, அக்கட்டத்தின் குறைகளோடு சேர்த்து, தன்னுள் வைத்திருக்கிறது என்பது அதைவிட ஆழமான காரணம். பினாங்கில் இத்தேர்வுக்குத் தனி அழுத்தம் உண்டு. பெடலின் உறுப்புகளை ஒட்டும் சால்டருக்கு வேண்டிய வெள்ளீயத்தை உருக்கி உலகுக்கு அனுப்பிய ஊர் ஜார்ஜ் டவுன். 1970களிலிருந்து சிலிக்கன் சில்லுகளை உறையிட்டு உலகுக்கு அனுப்பி வருவது அதே தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ். இவற்றுக்கு மேலாக, லண்டனின் குளிர்ந்த அறைகளில் அமைக்கப்பட்ட ஒரு மின்சுற்றைத் தடுமாறச் செய்யும் வெப்பம் இத்தீவில் ஆண்டு முழுவதும் நிலவுகிறது. எனவே, பெடலின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் காலத்தைப் பார்ப்பதே பினாங்கில் முறையான வழியாகும்.

இவ்வொலியின் பிறப்பு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் பழுதில் நிகழ்ந்தது. 1960இல் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ என்னும் பாடலின் பதிவின்போது, கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பாஸ் கிட்டாரில் வாசித்த இடைப்பகுதி, கலவை மேசையின் ஒரு பெருக்கியில் மின்மாற்றி கெட்டுப்போனதால், உறுமலாகச் சிதைந்து பதிவாயிற்று. பழுதென்று நீக்காமல் அப்படியே விடப்பட்ட அந்தப் பகுதியுடன் 1961இல் வெளியான இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்றது. மற்றக் கலைஞர்களும் அதே ஒலியைக் கேட்டு வரத் தொடங்கினர். ஆனால் பழுதான பெருக்கி அதற்குள் முற்றிலும் செயலிழந்துவிட்டது. அதனால் ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்னும் மற்றொரு பொறியாளருடன் சேர்ந்து, அந்தப் பழுதின் விளைவை ஜெர்மானியம் என்னும் தனிமத்தாலான மூன்று டிரான்சிஸ்டர்களைக் கொண்டு செயற்கையாக உண்டாக்கும் சுற்று ஒன்றை வகுத்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி, 1962இல் மேஸ்ட்ரோ என்ற வணிகப்பெயரில், ஃபஸ்-டோன் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், அதாவது 3 வோல்ட் மட்டுமே, அதற்குப் போதுமானதாக இருந்தது.

அந்நிறுவனம் இதைப் புதியதோர் ஒலியாக அறிமுகப்படுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கிட்டாரை டிரம்பெட், டியூபா, செல்லோ போன்ற கருவிகளாக ஒலிக்கச் செய்யும் துணைக்கருவி என்றே விளம்பரம் கூறியது. கேட்டவர்களுக்கு அந்த ஒப்புமை நிறைவு தராததால் பெட்டிகள் கடைகளில் தேங்கின. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வெளியானபோது, ஊதுகருவிகளுக்கான முன்வரைவாகக் கீத் ரிச்சர்ட்ஸ் அதே பெட்டியில் வாசித்து வைத்த தொடக்கச் சுரவரிசை பாடலின் முகமாகவே நிலைத்துவிட்டது. தேங்கியிருந்த பெட்டிகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. வேறொரு கருவியைப் போலி செய்யும் கடமையிலிருந்து ஃபஸ் விடுபட்ட ஆண்டு அதுதான்.

அதே 1965இல் லண்டனில், விக் ஃபிளிக் என்னும் கிட்டார் கலைஞர் தம்மிடமிருந்த மேஸ்ட்ரோ பெட்டி சுரத்தை நெடுநேரம் நீட்டவில்லை என்று குறைப்பட்டுக் கேரி ஹர்ஸ்ட் என்னும் இளம் மின்னணு வல்லுநரிடம் கொண்டு சென்றார். ஹர்ஸ்ட் சுற்றை மாற்றி, மின்னழுத்தத்தை 9 வோல்ட்டாக உயர்த்தி உருவாக்கிய டோன் பெண்டரின் முதற்பெட்டிகள் சில மரத்தால் ஆனவை. யார்ட்பேர்ட்ஸ் குழு ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாடலுக்கு முதலில் ஒரு சித்தார் கலைஞரையே அழைத்திருந்தது; அம்முயற்சி பாடலோடு பொருந்தி வராதபோது, ஜெஃப் பெக் ஃபஸ் பெட்டியைக் கொண்டு கிட்டாரில் சித்தாரின் ரீங்காரத்தை எழுப்பினார். இந்திய இசையின் காதில் சித்தார், தம்பூராவின் சுரத்தைச் சூழ்ந்துவரும் ரீங்காரம் ஒருபோதும் குறையாகக் கருதப்பட்டதில்லை. அதை உண்டாக்கவே ஜவாரி என்னும் கம்பிப்பாலத்தைச் சீவுகிறார்கள், கம்பிக்கு அடியில் நூல் வைக்கிறார்கள். அந்த வகையில் மேற்குலகம் 1965இல் புதிதாகக் கண்டெடுத்த இன்பம் நம் செவிக்கு நெடுங்காலப் பழக்கமே.

1966இல் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், மேற்கூறிய சுற்றுகளின் எளிய வடிவமாகும். வட்டமான வார்ப்பு உலோகப் பெட்டி, மேலே கண்கள் போல இரு குமிழ்கள், கீழே வாய் போல நிறுவனப் பெயர்ப்பலகை. மைக் தாங்கியின் வட்ட அடிப்பாகத்தைப் பார்த்தே இவ்வடிவம் தோன்றியது என்று சொல்லப்படுகிறது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு குமிழ்கள் என மொத்தம் பதினோர் உறுப்புகளே உள்ளன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கைபட்ட பிறகு உலகப் புகழ் பெற்ற ஓர் ஒலி, எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய ஒரு சுற்றிலிருந்து வந்தது என்பதே இன்றும் முதல் முயற்சிக்கு இதைப் பலர் பரிந்துரைப்பதற்குக் காரணம். இப்பரிந்துரை பாதி மட்டுமே சரி. உறுப்புகள் குறைவாக இருக்கும் சுற்றில் ஒவ்வோர் உறுப்பின் குணமும் மறைய இடமின்றி வெளிப்படும். பதினோர் உறுப்புகளில் ஒன்பதை எந்தக் கடையிலும் நம்பி வாங்கலாம், எஞ்சிய இரண்டு டிரான்சிஸ்டர்களே முழு ஒலியையும் தீர்மானிக்கின்றன.

அந்த இரண்டும் ஏன் அவ்வளவு மாறுபட்டன என்பதை அறிய, அவை செய்யப்பட்ட முறையைச் சற்று அருகில் சென்று காண வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயங்கிய முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. 1960களின் நடுப்பகுதி வரை மலிவான ஒலிக்கருவிகளில் அதுவே நிலவியது. ஜெர்மானியத்தின் மெல்லிய தகடு ஒன்றின் இருபுறமும் இந்தியம் என்னும் மென்மையான உலோகத்தின் சிறு உருண்டைகளை வைத்து உலையில் சூடேற்றுவார்கள். உருகிய இந்தியம் இரு பக்கங்களிலிருந்தும் தகட்டுக்குள் கரைந்து இறங்கும். நடுவில் எவ்வளவு ஜெர்மானியம் கரையாமல் எஞ்சுகிறது என்பதே டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை, அதாவது உள்ளே வரும் சிறு மின்னோட்டத்தை அது எத்தனை மடங்காக்கும் என்பதை, முடிவு செய்யும். அந்த எஞ்சிய தடிப்பை உலையின் வெப்பமும் நேரமும் தீர்மானித்ததால், ஒரே நாளில் ஒரே உலையிலிருந்து வந்த இரு டிரான்சிஸ்டர்களில் ஒன்றின் பெருக்கம் 50 ஆகவும் மற்றொன்றினது 150 ஆகவும் அமையக்கூடும். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்திலுள்ள நியூமார்க்கெட்டில் செய்யப்பட்ட என்கேடி 275 என்னும் வகையும், மல்லார்ட், பிலிப்ஸ் நிறுவனங்களின் ஏசி 128 வகையும் ஃபஸ் ஃபேஸ் பெட்டிகளில் கிடைத்தபடி பொருத்தப்பட்டன. அதனால்தான் ஒரே நாளில் செய்யப்பட்ட இரு பெட்டிகளில் ஒன்று தேனாக ஒலிக்க, மற்றொன்று மூச்சுத் திணறியது.

இவ்வொலி பினாங்கை வந்தடைந்தது ஒரு துறைமுக நகரத்துக்கு இயல்பான வழியில். 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய காலந்தொட்டு வரியில்லாத் துறைமுகமாக விளங்கிய ஜார்ஜ் டவுனுக்கு வானொலிப் பெட்டிகளும் இசைத்தட்டுகளும் இசைக்கருவிகளும் தடையின்றி வந்து இறங்கின. மின்னணு ஆர்வலர் மரபும் இங்குப் பழமையானது. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் தொடங்கிய ஒலிபரப்பு, மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் நிகழ்ச்சிகளை வழங்கியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நடத்திய நிகழ்ச்சிகள் மலாயாவின் இளைஞர்களுக்கு ஒரு முன்மாதிரியைத் தந்தன: முன்னணிக் கிட்டார், தாளக் கிட்டார், பாஸ் கிட்டார், டிரம் என்ற நால்வர் அமைப்பு. இவ்வமைப்பில் தோன்றிய உள்ளூர்க் குழுக்கள் குகிரான் எனப்பட்டன. அவை பாடிய மலாய்ப் பாடல் வகை பாப் யே யே என்று பெயர் பெற்றது. ஷேடோஸ் குழுவின் கண்ணாடி போன்ற தெளிந்த கிட்டார் ஒலியில் தொடங்கிய அவ்வகை, 1960களின் பிற்பகுதியில் வெளியான இசைத்தட்டுகளில் பிசிறொலியையும் ஏற்றுக்கொண்டது. இன்று அவற்றைத் தேடித் தொகுப்பவர்கள் முதலில் குறிப்பிடுவது அந்த ஃபஸ் கிட்டார்களைத்தான்.

தமிழர்களும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. பினாங்கில் வளர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர்கள் 1960களின் இறுதியில் உருவாக்கிய அல்லிகேட்ஸ் குழு, 1970களில் ஹாங்காங்கின் இரவு விடுதிகளில் வாசித்துப் பயின்று, பின்னர் மலாய்ப் பாடல்களால் மலேசியாவின் எல்லா இனத்தவருக்கும் உரிய குழுவாக உயர்ந்தது. அதன் இயல்பு ஃபஸ்ஸின் முரட்டுத்தனத்தைவிட சோல் இசையின் மென்மையையே சார்ந்தது. ஆனால் மின்கிட்டார் இத்தீவின் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாழ்க்கைத் தொழிலாக ஆகமுடிந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 2007இல் லோகநாதன் காலமானபோது நாடே துயருற்றது.

இளைஞர்கள் கிட்டாரோடு இருந்த அதே ஆண்டுகளில் நகரத்தின் பொருளியல் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1960களின் இறுதியில் வரியில்லாத் துறைமுக உரிமை படிப்படியாகப் பறிபோக, வேலையின்மை கடுமையாயிற்று. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ தலைமையில் மாநில அரசு ஏற்றுமதித் தொழிலை நோக்கித் திரும்பியது. 1972இல் பாயான் லெப்பாஸில், நெல்வயல்களாக இருந்த நிலத்தில், நாட்டின் முதல் தடையற்ற வாணிப வளாகம் அமைந்தது. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்டு, லிட்ரோனிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் ஆகிய முன்னோடி நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்று இன்றும் பினாங்கில் குறிப்பிடுகின்றனர். கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்களே தொழிலாளரில் பெரும்பான்மையினர். சீனப் பெண்களும், தோட்டப்புறங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் அவர்களோடு அமர்ந்தனர். 1985இல் பாலம் திறக்கப்படும் வரை, பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியே வேலைக்கு வந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையின் நுட்பம் உரிய அளவில் பதிவு செய்யப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் உருவாக்கப்பட்ட சிலிக்கன் வட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த, சில நேரங்களில் மணலளவே ஆன சில்லு ஒன்றைச் சட்டத்தில் ஒட்டி, நுண்ணோக்கி வழியே பார்த்தபடி, ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தடிப்புள்ள தங்கக் கம்பியைச் சில்லின் ஒரு புள்ளியிலிருந்து உலோகக் காலுக்கு வளைத்து இணைக்க வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் சில்லு வீணாகும். ஒரு வேலைமுறை முழுவதும் கண்ணைக் குழலில் பதித்து இதைச் செய்தவர்களின் பார்வைக்கும் கழுத்துக்கும் அது எளிய வேலையாக இருந்திருக்க இயலாது. பிறகு கறுப்பு ஞெகிழி உறையால் மூடி, சோதித்து, மேலே மலேசியா என்று அச்சிட்டு அனுப்பினார்கள். உலையின் தயவில் கிடந்த ஜெர்மானியக் காலத்துக்கு மாறாக, இங்கு வந்த சிலிக்கன் சில்லுகள் 1959இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ஜான் ஹோர்னி வகுத்த சமதள முறையின் வழிவந்தவை. ஒன்றுபோல் மற்றொன்று அமைவதே அவற்றின் பெருமை.

பெடல் செய்வோர் உலகில் மலேசியா என்ற அந்த அச்சுக்கு எதிர்பாராத மதிப்பு ஒன்று பின்னாளில் உண்டாயிற்று. 1970களின் இறுதியில் ஜப்பானின் ஐபனெஸ் வெளியிட்ட டியூப் ஸ்கிரீமர், ஃபஸ்ஸைவிட மென்மையாகச் சிதைக்கும் ஓவர்டிரைவ் வகையைச் சேர்ந்தது. அதன் சில பெட்டிகளில் இருந்த 4558 எண்ணுள்ள பெருக்கிச் சில்லு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மலேசிய ஆலையில் உறையிடப்பட்டது. 1972இல் தொடங்கிய அந்த ஆலை கோலாலம்பூரின் உலு கிளாங்கில் உள்ளதே தவிர பினாங்கில் அன்று. இருப்பினும் மலேசியா என அச்சிட்ட சில்லைத் தேடி அலையும் கிட்டார் கலைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அச்சில்லுகளை ஒட்டி இணைத்த கைகள் யாருடையவை என்ற கேள்வியை அவர்களும் கேட்பது நியாயமாக இருக்கும்.

தொகுப்பிலுள்ள உறுப்புகளை ஒன்றாக்கும் சால்டரும் இத்தீவின் பழைய கதையைச் சேர்ந்ததே. வழக்கமான சால்டர் நூறு பங்கில் அறுபது வெள்ளீயமும் நாற்பது காரீயமும் கலந்தது. 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 பாகைக்குள் உருகிவிடும். கிந்தா பள்ளத்தாக்கின் லம்பம் எனப்படும் சுரங்கங்களில் தோண்டிய வெள்ளீய மணல் பினாங்குக்கு வந்து, டத்தோ கிராமாட் சாலையிலிருந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் உலையிலும், 1902 முதல் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டுக் கட்டிகளாகக் கப்பலேறியது. 1985 அக்டோபரில் லண்டன் வெள்ளீயச் சந்தை சரிந்த பிறகு அத்தொழில் பழைய உயரத்துக்கு மீளவில்லை. டத்தோ கிராமாட் சாலை உலை இருந்த இடத்தில் இன்று பினாங் டைம்ஸ் ஸ்கொயர் நிற்கிறது. தற்காலத்தில் விற்கும் காரீயம் கலவாத சால்டர்களில் ஒரு வகை வெள்ளீயமும் மிகச் சிறிதளவு செம்பும் கொண்டது. அது உருக 227 பாகை வேண்டும். உடல்நலத்துக்கு அதுவே நல்லது என்றாலும், முதன்முறை சால்டர் பிடிப்பவரின் கை தயங்கும் நேரத்தில் கூடுதல் வெப்பம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே எந்தச் சால்டரைப் பயன்படுத்தினாலும், டிரான்சிஸ்டரை நேரடியாகப் பலகையில் ஒட்டாமல், அதைச் செருகி எடுக்கத்தக்க சாக்கெட் உள்ள தொகுப்பை நாடுவது அறிவுடைமை.

இனித் தேர்வு. ஜெர்மானிய டிரான்சிஸ்டரின் பெருங்குறை அதன் கசிவு மின்னோட்டம். அதாவது, திறக்க வேண்டும் என்ற கட்டளை வராதபோதும் அதன் வழியே ஒழுகிச் செல்லும் மின்னோட்டம். இக்கசிவு வெப்பநிலை 10 பாகை உயரும்போதெல்லாம் ஏறக்குறைய இருமடங்காகிறது. லண்டனில் 20 பாகையில் 100 மைக்ரோஆம்பியர் கசிந்த ஒரு டிரான்சிஸ்டர், ஜார்ஜ் டவுனின் நண்பகலில் 200ஐத் தாண்டும். விளக்குகள் சுடும் மேடையில் 40 பாகையை எட்டினால் 400ஐத் தொடும். ஃபஸ் ஃபேஸ் சுற்றில் இரண்டாம் டிரான்சிஸ்டரின் வெளிமுனை (கலெக்டர்) மின்கலத்தின் பாதியளவான 4.5 வோல்ட்டை ஒட்டி நின்றால்தான் அலையின் இரு புறமும் சீராக வெட்டுப்படும்; கசிவு ஏற ஏற அந்த நிலை நகர்ந்து, சுரம் பாதியில் அறுந்து, தும்மலைப் போல ஒலிக்கும். குளிரூட்டிய அறையில் இனிமையாக ஒலித்த பெட்டி, திறந்தவெளித் திருவிழா மேடையில் ஊமையாவது இதனால்தான். சிலிக்கனில் கசிவு மிகமிகச் சிறிது என்பதால் இத்தொல்லை அறவே இல்லை. அதனால்தான் ஃபஸ் ஃபேஸும் 1960களின் முடிவில் பிசி 183, பிசி 108 போன்ற சிலிக்கன் வகைகளுக்கு மாறியது. ஒலி சற்றுக் கூர்மையாயிற்று; கிட்டாரின் ஒலியளவுக் குமிழைக் குறைக்கும்போது பிசிறு விலகித் தெளிவு திரும்பும் அந்த அரிய குணம் ஜெர்மானியத்தில் இருந்த அளவுக்குச் சிலிக்கனில் இல்லை என்பது பலரின் முறையீடு. அம்முறையீட்டில் உண்மை உண்டு.

ஜெர்மானியத் தொகுப்பை வாங்க விரும்புபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: டிரான்சிஸ்டர்கள் கசிவு கழித்து அளக்கப்பட்டவையா? அமெரிக்க மின்னணுவியலாளர் ஆர். ஜி. கீன் பரப்பிய எளிய சோதனை இதற்குப் போதும். 9 வோல்ட் மின்கலத்தோடு ஏறத்தாழ 2.47 கிலோஓம் மின்தடை ஒன்றை டிரான்சிஸ்டரின் வெளிமுனைக்குத் தொடராக இணைத்து, உள்முனையை (பேஸ்) தொடாமல் விட்டு, அம்மின்தடையின் இருபுற மின்னழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். அது கசிவின் கணக்கு. பிறகு 2.2 மெகாஓம் மின்தடை வழியே உள்முனைக்கு 4 மைக்ரோஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் தந்து மீண்டும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் அளவு 0.23 வோல்ட், இரண்டாவது 1.03 வோல்ட் என்றால், இரண்டின் வேறுபாடான 0.80ஐ நூறால் பெருக்க வரும் 80 என்பதே உண்மைப் பெருக்கம். கசிவைக் கழிக்காத சாதாரண மீட்டர் அதை 100க்கு மேல் என்று பொய்யாகக் காட்டியிருக்கும். முதல் டிரான்சிஸ்டருக்கு 70 முதல் 80 வரையும், இரண்டாவதற்கு 110 முதல் 130 வரையும் உண்மைப் பெருக்கம் அமைவது நன்று என்பது பட்டறிவு. பினாங்கில் இச்சோதனையைக் குளிரூட்டியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

மற்றொரு சிக்கலும் முதல் முயற்சியாளரை வழிமறிக்கும். பழைய ஜெர்மானியச் சுற்றுகள் பெரும்பாலும் பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்களைக் கொண்டவை. அவற்றில் மின்கலத்தின் நேர்முனை பெட்டியின் உலோகத்தோடு இணைகிறது. ஏனைய பெடல்களில் எதிர்முனையே அவ்வாறு இணைவதால், இரண்டையும் ஒரே மின்வழங்கியில் மாட்டினால் குறுக்குச்சுற்று ஏற்படும். எனவே அத்தகைய தொகுப்பைத் தனி மின்கலத்தில் இயக்குவதே பாதுகாப்பானது. அதுவே தொந்தரவு என்று எண்ணுபவர் என்பிஎன் வகைக்குப் போவது நலம். பெடல்களின் வரிசையில் ஃபஸ்ஸைக் கிட்டாருக்கு நேர் அடுத்ததாக வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இடையில் வேறு மின்னணுப் பெருக்கி புகுந்தால் கிட்டாரும் ஃபஸ்ஸும் ஒன்றையொன்று உணரும் தொடர்பு அறுந்துவிடும்.

இவையனைத்தையும் எடைபோட்டுப் பார்த்தால், பினாங்கில் முதற்பெட்டி செய்பவருக்கு ஏற்றது இரண்டு சிலிக்கன் டிரான்சிஸ்டர் கொண்ட ஃபஸ் ஃபேஸ் வகைத் தொகுப்பே. அதிலும், இரண்டாம் டிரான்சிஸ்டரின் 8.2 கிலோஓம் மின்தடைக்குப் பதிலாகச் சிறு திருகியால் மாற்றத்தக்க டிரிம்மர் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மிகுந்த பெருக்கமுள்ள சிலிக்கன் சில நேரங்களில் வானொலி நிலையத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். வெளிமுனைக்கும் உள்முனைக்கும் இடையே 100 பிக்கோஃபாரட் அளவில் ஒரு சிறு மின்தேக்கியை இட்டால் அது அடங்கும். மைக் மேத்யூஸின் நியூயார்க் நிறுவனம் 1969ஐ ஒட்டி வெளியிட்ட பிக் மஃப், நான்கு சிலிக்கன் டிரான்சிஸ்டர்களும் தொனிக் குமிழும் கொண்டது, வெப்பத்துக்கு அஞ்சாதது, ஆனால் உறுப்புகள் நாற்பதை எட்டுவதால், சால்டர் பழகிய பிறகு இரண்டாவதாகச் செய்யத் தக்கது. மூன்று ஜெர்மானியம் கொண்ட டோன் பெண்டர் இரண்டாம் பதிப்பும், ஜப்பானில் உருவான சூப்பர் ஃபஸ்ஸும் முதல் முயற்சிக்குரியவை அல்ல.

சாக்கெட்டும் டிரிம்மரும் உள்ள சிலிக்கன் பெட்டி ஒன்று கைவசம் இருந்தால், ஜெர்மானியத்தைத் தேடும் வேலை அதன்பின் நிதானமாக நடக்கலாம். ஏசி 128 போன்றவை புதிதாகச் செய்யப்படுவதில்லை. பழைய இருப்பு என்ற பெயரில் எண்ணை அழித்து வேறு எண் அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் கிடைக்கும் 1960களின் செயலிழந்த டிரான்சிஸ்டர் வானொலிகளில் உண்மையான ஜெர்மானியம் இருக்க வாய்ப்புண்டு. எனினும் அவற்றின் ஒலிபெருக்கியை இயக்கும் இறுதி இணை ஆலையிலேயே சமப் பெருக்கமுடையதாகப் பார்த்துப் பொருத்தப்பட்டதாகையால், ஃபஸ் ஃபேஸ் வேண்டும் சமமற்ற இணை அதில் கிடைப்பது அரிது. இறுதி இணையில் ஒன்றையும், அதற்கு முந்திய நிலையிலுள்ள டிரான்சிஸ்டரையும் தனித்தனியே கழற்றி, மேற்சொன்ன முறையில் கசிவு கழித்து அளந்து, பெருக்கம் குறைந்ததை முதலிடத்திலும் மிகுந்ததை இரண்டாமிடத்திலும் செருகி, பிஎன்பி வகையானால் மின்கலத்தின் முனைகளையும் முனையுள்ள மின்தேக்கிகளையும் திருப்பிவிட்டு, டிரிம்மரை 4.5 வோல்ட் வரும் வரை நண்பகல் வெப்பத்திலேயே திருப்பிப் பார்க்க வேண்டும்.